மல்லிகை வார்டின் கோப்பை

அப்பளத்தை நூலில் கட்டித் தொங்கவிடுவது லேசான வேலை இல்லை, டாக்டர். ஓட்டை கொஞ்சம் ஓரமாக விழுந்தாலும் முதல் கடியிலேயே மொத்தமும் தரைக்கு வந்துவிடும். ஆகஸ்ட் பதினேழு, நம் இந்தோனேசியச் சுதந்திர தினப் போட்டிக்கு எங்கள் மல்லிகை வார்டில் நான்தான் கட்டுவேன். கையைப் பின்னால் வைத்துக்கொண்டு வாயாலேயே தின்று தீர்க்க வேண்டும்.

பாக் வகியோவுக்கு, நம் வார்டு நோயாளி வகியோ ஐயாவுக்கு, அது அல்வா சாப்பிடுவது மாதிரி. பன்னிரண்டு வருஷம் மனநோய்க்கு மருந்து தின்றதில் அவருடைய தாடை தானாக ஆடும், நாக்கு வெளியே வந்து வந்து போகும். அப்பளம் எந்தப் பக்கம் போனாலும் தப்பாது. மூன்று வருஷமாகக் கோப்பை எங்களுக்குத்தான். செண்பக வார்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்துச் சிரித்தே எனக்கு வயிறு புண்ணாகிவிடும்.

ஜூலையில் நீங்கள் அந்தக் காப்ஸ்யூலைக் கொண்டுவந்தீர்கள். மூளை தானே சுரக்கும் ஒரு ஸ்டீராய்டு, தாடையை அடக்கும் என்றீர்கள். அடக்கியது. மூன்றாம் வாரம் அவர் காபியைச் சிந்தாமல் குடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், ஆகஸ்ட் இருபதாம் தேதி எங்க சோலோ ஊர்ல எம்பொண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கையப் புடிச்சு, என் மகளை உனக்குக் கட்டிக் குடுக்கறேன்னு நான்தான் சொல்லணும். ஒரே மூச்சுல, திக்காம. இப்ப வருது, கேளுங்க."

சொல்லியும் காட்டினார். அழகாக வந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஆனால் போட்டியையும் பார்க்க வேண்டும் அல்லவா? அன்று சாயங்காலமே காப்ஸ்யூல்களைப் பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டு அரிசி மாவை நிரப்பினேன். பதினேழாம் தேதி வரைக்கும் என்றுதான் நினைத்தேன்.

போட்டியன்று பதினோரு நொடியில் அப்பளத்தை முடித்துவிட்டார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வார்டே ஆடியது. அந்த மாதிரி சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மறுநாள் பார்த்தால், அக்டோபரில் மாவட்டப் போட்டி என்று அறிவிப்பு. மாவு இன்னும் நிறைய மிச்சமிருந்தது.

கல்யாணத்துக்கும் போனேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு தடவை முயன்றார். 'என் மகளை' என்பதைத் தாண்டவில்லை. கடைசியில் அவருக்குப் பதிலாக, கல்யாணம் நடத்திவைக்க வந்த காஜியார் சொன்னார். பெண் குனிந்த தலை நிமிரவில்லை. ஆட்டுக்கறி நன்றாக இருந்தது.

மாவை நீங்கள் கண்டுபிடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை, நான்தான் நிரப்பினேன். அவரை வற்புறுத்தினேன் என்று மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள். கல்யாணத்துக்கு மறுநாளே கேட்டுவிட்டேன்.

"பாக், மாவட்டத்துக்கும் நம்ம வார்டுக்காக வருவீங்கல்ல?"

தாடை மேலும் கீழும் ஆடியது. சரி என்றுதான் சொன்னார்.