முழங்காலுக்குக் கீழே மெழுகுதிரி

— கையை இழுக்காதை, கிரிஷான். இழுத்தா நகத்தோடதான் வரும்.

— ஏர்னஸ்ட் அண்ணை, வைஸ் இறுகுது. பகிடியெண்டா இவ்வளவு காணும்.

— நான் எப்பவடா உன்னோட பகிடி விட்டனான்? பலகையைப் பிடிக்கிற வைஸ் மனுசன்ர கையையும் பிடிக்கும். இப்ப நேரா சொல்லு பாப்பம். என்ர தம்பி சீலன் எப்பிடிச் செத்தவன்?

— உங்களுக்குத் தெரியும்தானே. மூண்டு வருசத்துக்கு முந்தியே போனில சொன்னனான். கரடி அடிச்சது.

— எந்த மாசம்?

— தை மாசம்.

— அந்த ருமேனியா மலையில தை மாசம் கரடி என்ன செய்யும்?

— அதெனக்கு எப்பிடியண்ணை தெரியும்?

— நித்திரை கொள்ளும். பனி இளகுமட்டும் குகையை விட்டு எழும்பாது. இதை ஆர் சொன்னது தெரியுமே? இலோனா அம்மா. உனக்குப் பக்கத்தில சாத்திக் கிடக்கே அந்த ஆளுயர மர வாசல்படலை, அதைச் செய்யத் தந்த மனுசி. காலமை நீ சான்ட்ரிங்ஹாமுக்குக் கதவு இறக்கப் போன நேரம், இஞ்ச ஆல்பனியில இருக்கிற மகளையும் கூட்டிக்கொண்டு படலை பாக்க வந்தவ. சுவரில சீலன்ர படம். அதுக்கு முன்னால நிண்டு சிலுவை போட்டா. கரடி அடிச்சுச் செத்தவன் எண்டன். மனுசி என்னைப் பாத்த பார்வையில நான் கூசிப்போனன்.

— வேற என்ன சொன்னவ?

— கேள்வி கேக்கிறது நான். இந்தா, அதுக்கு ஒரு சுத்து.

— அண்ணை... எலும்பு, அண்ணை, எலும்பு.

— கத்து. ஞாயிற்றுக்கிழமை, வெளியில மழை. ஒனிஹங்காவில இந்தப் பட்டறைத் தெருவில உன்ர சத்தம் கேட்டு ஓடிவர ஒருத்தரும் இல்லை. என்ர அம்மா ரீவியில கரடி வந்தா இப்பவும் எழும்பிக் குசினிக்குள்ள போறா. மூண்டு வருசம். பெத்தவயித்துக்கு நீ கட்டிவிட்ட கரடியடா அது.

— ஆண்டவர் சத்தியமா நான்...

— ஆண்டவரை விடு. துப்பு. வாயில ரத்தம். பல்லு கில்லு போச்சோ?

— ஆடுது.

— முதல் அடியோட சொல்லியிருந்தா பல்லு மிஞ்சியிருக்கும். உளி பக்கத்திலதான் கிடக்கு. நீ கையால பிழைக்கிற ஆள். எந்த விரல் இல்லாட்டியும் உன்னால சமாளிக்கலாம் எண்டு நீயே சொல்லு.

— சொல்லுறன், அண்ணை. உளியை வையுங்கோ. சொல்லுறன்.

— தொடக்கத்தில இருந்து. அந்த ஊர் எப்பிடிப்பட்ட ஊர்?

— ஹர்கிட்டா எண்டு ஒரு மாவட்டம். சுத்திவர மலை. நடுவில பள்ளம், குளிர் அதுக்குள்ள இறங்கினா ஏறிப் போகாது. காட்டு மரம், உருளைக்கிழங்கு, மாடு, ஊத்துத் தண்ணிப் போத்தல், அதுகள்தான் சீவியம். இளம் பொடியள் எல்லாம் ஜெர்மனிக்கும் ஹங்கேரிக்கும் உழைக்கப் போட்டாங்கள். மரம் அரியிற மில்லில ஆளில்லை. அதுக்குத்தான் மன்னாரில இருந்து எங்கள் ரெண்டு பேரையும் எடுத்தவங்கள்.

— ஊர்ச்சனத்துக்கு உங்களில ஆத்திரம் எண்டு இலோனா அம்மா சொன்னவ. ஆளில்லாமக் கூப்பிட்டவங்களுக்கு ஏன் ஆத்திரம்?

— முதல் நாளே பிழை விட்டிட்டம், அண்ணை. விசா ருமேனியாவுக்கு எண்டபடியா கொழும்பில நிண்டே ருமேனியன் பாஷை பாடமாக்கினம். போய் இறங்கின உடன வாறவன் போறவனுக்கெல்லாம் அதிலயே வணக்கம் சொன்னம். ஒருத்தரும் திருப்பிச் சொல்லேல்லை. அங்க இருக்கிற சனம் ஹங்கேரியன் சனம். நாட்டில சின்னக் கூட்டம், அந்த மாவட்டத்தில மட்டும் பெரிய கூட்டம். சீலன்தான் ஒரு கிழமையால காரணத்தைப் பிடிச்சவன். டேய், எங்கட கடற்கரையில வந்து ஒருத்தன் சிங்களத்தில மட்டும் கதைச்சா நாங்கள் எப்பிடிப் பாப்பம், அப்பிடித்தான்டா இவங்கள் பாக்கிறாங்கள் எண்டான்.

— அவனுக்கு அது விளங்கும்.

— அதுக்குப் பிறகு அவங்கட பாஷையில ரெண்டு சொல்லுப் பழகினம். அவங்களும் எங்களை மாதிரிக் கத்தோலிக்கர்தானே எண்டு ஞாயிறு பூசைக்குப் போனம். கடைசி வாங்கில இருந்தம். எங்கட வாங்கில வேற ஒருத்தரும் வந்து இருக்கேல்லை. ரெண்டு பேர் வந்தா நாளைக்கு இருநூறு பேர் வருவினம், மிச்சம் கிடக்கிற இந்த ஊரும் கையை விட்டுப் போகும் எண்டு பயம்.

— அந்தப் பயம் எங்களுக்கும் தெரியாததே. பிறகு?

— தை மாசம், ஒரு ஞாயிறு பின்னேரம். கோயில் மண்டபத்தில ஊர்க்கூட்டம். முடிஞ்ச உடன நேரா நாங்கள் இருந்த வீட்டுக்கு வந்தாங்கள். முதல்ல கல்லு. பிறகு போத்தலில பெற்றோல். ஜன்னல் சேலை பத்தி, சீலன்ர மெத்தை பத்தி, மயிர் கருகின மணம். பின்கதவால ஓடினம். அங்கயும் மூண்டு பேர் வேலிக்கட்டையோட நிண்டாங்கள். ஒருத்தன் சீலன்ர முழங்காலுக்கு அடிச்சான். சில்லு எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது, அண்ணை. காஞ்ச சுள்ளி முறிஞ்ச மாதிரி.

— நீ என்ன செய்தாய்?

— முத்தத்தில மில்லுக் கம்பு ஒண்டு கிடந்தது, மரக்குத்தி உருட்டிற இரும்புக் கொக்கி வைச்சது. சுழட்டினன். ஒருத்தன்ர தாடையில கொழுவிச்சுது. அவன் விழ, வழி வந்தது. சீலனைத் தோளில போட்டு, கம்பை ஊண்டிக்கொண்டு மலைப்பக்கம் ஏறினன். இடுப்பளவு பனி. அவன்ர ரத்தம் என்ர கழுத்தால இறங்கி உறைஞ்சு கிடந்தது.

— பொறு. சீலன்ர படத்தைத் திருப்பி வைக்கிறன். சொல்லு.

— நீங்கள் இருங்கோவன், அண்ணை. இது நிண்டு கேக்கிற கதையில்லை.

— என்னை விட்டிட்டு உன்ர கதையைப் பார். எங்க கொண்டுபோனாய் அவனை?

— காட்டு ஓரத்தில பலகைக் கொட்டில் ஒண்டு. பூட்டை உடைச்சு உள்ள போனா, கூழ்முட்டை மணம். நடுவில கிணறு மாதிரி ஒரு குழி. சுத்திவர இருந்து கால் நீட்ட மரப்படி. வாசலில அறிவிப்புப் பலகை ஒண்டு கிடந்தது, அவங்கட பாஷையில. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. வெளியில குளிர் இருபத்தெட்டு, சைபருக்குக் கீழ. சீலன் ஒரு படி இறங்கி இருந்தான். மச்சான், கால் சூடாகுதடா எண்டான். உடைஞ்ச காலுக்குச் சுகமா இருக்கு எண்டு இன்னும் இறங்கினான்.

— அது என்ன குழி?

— மண்ணுக்கு அடியில இருந்து வாற வாயு, அண்ணை. அந்த மலையெல்லாம் ஒருகாலத்தில எரிமலை. கால் வருத்தக்காரர் அந்தப் படியில இருந்து முழங்கால்மட்டும் வாயுவுக்குள்ள விடுவினம். காலுக்கு மருந்து. மூக்கு அந்த மட்டத்துக்குக் கீழ போனா ஆள் முடிஞ்சுது. ஊருக்குள்ள சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

— நீ ஏன் சாகேல்லை?

— நான் மேல வாசல் இடுக்கால பாத்துக்கொண்டு நிண்டனான். சீலன் சத்தமில்லாமப் போனான். களைச்சு நித்திரையாப் போட்டான் எண்டுதான் நினைச்சன்.

— அவ்வளவுதானோ? இதுக்கு ஏன்டா கரடி? வாயு எண்டு சொல்லியிருக்கலாமே. ஆர் உன்னைக் குற்றம் சொல்லப்போறது?

— அவ்வளவுதான்.

— இல்லை. உன்ர கண் அந்தப் படலைக்குப் போட்டு வருது. உளியைத் திருப்பி எடுக்கட்டோ?

— ஒருத்தன் வந்தவன், அண்ணை.

— ஆர்?

— பார்னா. மில்லில எனக்குப் பக்கத்து மரம் அரியிற வாளில நிக்கிறவன். என்ர வயசு. சாப்பாட்டு நேரத்தில மரத்தில பூ வெட்ட எனக்குக் காட்டித் தந்தவன். அண்டைக்கு மண்டப வாசலில, அந்தக் கூட்டத்துக்கு நடுவில அவனையும் கண்டனான். இவனுமோ எண்டு நினைச்சன். அவன்தான் பனியில எங்கட கால்தடம் பிடிச்சு வாறான். கையில எரியிற மெழுகுதிரி.

— சரி.

— கீழ பிடிச்சுக்கொண்டு வாறான், அண்ணை. முழங்காலுக்குக் கீழ. மெழுகுதிரியை ஆர் அப்பிடிப் பிடிப்பான்? நாங்கள் மடு மாதா கோயிலில பிடிக்கிறது நெஞ்சுக்கு நேர. கீழ பிடிக்கிறவன் நெருப்பு வைக்க வாறவன்தான். ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி எங்கட வீடு எரிஞ்சது. வேற என்னத்தை நான் நினைக்கிறது?

— பிறகு?

— கதவுக்குப் பின்னால நிண்டன். அவன் என்னைக் காணேல்லை. படியில இறங்கினான். மூண்டாம் படியில திரி அணைஞ்சுது. ஏதோ கத்தினான், மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு சீலன்ர கழுத்துக்குக் கீழ கை போட்டான். நெரிக்கிறான் எண்டு நினைச்சு, கம்பால அடிச்சன்.

— எத்தினை அடி?

— மூண்டு. முதல் அடிக்குத் திரும்பிப் பாத்தான். ரெண்டாவது காதில. மூண்டாவதுக்கு முகம் குழிக்குள்ள போச்சு. காலால உதைச்சு இன்னும் உள்ள தள்ளினன். துடிச்சான். நான் மேல ஏறிக் கதவைச் சாத்தி முதுகால முண்டு குடுத்துக்கொண்டு நிண்டன். பலகையை உள்ளுக்க இருந்து விறாண்டிற சத்தம் கேட்டது. பிறகு கேக்கேல்லை.

— சீலனும் உள்ளுக்கோ?

— ஓம்.

— சீலனை உள்ள விட்டிட்டோ கதவைச் சாத்தினாய்?

— நித்திரை எண்டு நினைச்சன், அண்ணை. பார்னா செத்த உடன போய்த் தூக்குவம் எண்டு நினைச்சன். போய்ப் பாக்க ரெண்டு பேரும் விறைச்சுக் கிடந்தாங்கள். அடுத்த நாள் ஒரு கிழவன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் திரியைக் கொளுத்திக் கீழ இறக்கிக் காட்டினான். முதல் படி எரிஞ்சுது. ரெண்டாம் படி எரிஞ்சுது. மூண்டாம் படியில அணைஞ்சுது. அப்பதான் விளங்கிச்சு. வாயு எந்த மட்டத்தில நிக்குது எண்டு பாக்கத்தான் அவங்கள் திரியைக் கீழ பிடிக்கிறது.

— அவன் சீலனைத் தூக்க வந்தவன்.

— ஓம்.

— அவன் குனியேக்க சீலனுக்கு உயிர் இருந்ததோ?

— அதைக் கேக்காதையுங்கோ, அண்ணை.

— கிரிஷான், அந்த ஒண்டைச் சொல்லு. அதுக்குத்தான் உன்ர கை இதுக்குள்ள கிடக்கு.

— இருந்தது. அவன் கை போட்ட உடன சீலன்ர விரல் அவன்ர சட்டையைப் பிடிச்சது. நான் கண்டனான். கண்டுதான் அடிச்சனான். எதிர்த்துப் போராடுறான் எண்டு நினைச்சன்.

— மாதாவே.

— வெட்டுங்கோ, அண்ணை. உளியை எடுங்கோ. உங்கட சாப்பாட்டைச் சாப்பிட்டு, உங்கட வீட்டுப் பின்னறையில படுத்து, ரெண்டு வருசம் உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். வெட்டினா எனக்கு நித்திரை வரும்.

— வாயை மூடு. பொலிஸ் கேக்கேல்லையோ? மண்டைக் காயம் கிடந்திருக்குமே.

— என்ன எழுதினவங்கள் எண்டு எனக்குத் தெரியாது. எனக்கும் பாஷை இல்லை, ஒண்டும் சொல்லவுமில்லை. அழுதுகொண்டு நிண்டன். மூண்டாம் நாள் சீலன்ர பெட்டியோட என்னை ஏத்தி விட்டிட்டாங்கள். பெட்டியைத் தூக்க எங்களுக்குக் கல்லெறிஞ்ச ஆக்களே வந்தாங்கள். ஏன் எண்டு இண்டைக்கும் விளங்கேல்லை.

— பொறு, இதைத் தளத்திறன். ...இந்தா, துணியால சுத்து.

— ஏன் தளத்திறியள்?

— படலையில என்ன பேர் வெட்டினாய்?

— அங்க படலையில செய்விச்ச வீட்டுக்காரற்ற பேரும் வருசமும் வெட்டுவினம். இலோனா அம்மா எழுதித் தந்த துண்டில பார்னா எண்டு கிடந்தது. வீட்டுக்கு வீடு பார்னா இருக்கிற ஊர்தானே எண்டு மனசைத் தேத்தினன். பிறகு வருசத்தைப் பாத்தன், இரண்டாயிரத்து இருபத்திரண்டு, அவன் செத்த வருசம். அப்பவே தெரியும், அவ அவன்ர தாய். என்னைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறா.

— தெரிஞ்சுமோ வெட்டினாய்?

— ஒவ்வொரு எழுத்தா. அவன் காட்டித் தந்த அதே பூவைத்தான் சுத்திவர வெட்டினன். வேலை முடியட்டும், பிறகு அவ என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யட்டும் எண்டு இருந்தன்.

— மூண்டு மணிக்கு வாறன் எண்டவ. வெளியில கார் நிக்கிற சத்தம் கேக்குதே?

— கேக்குது. அண்ணை, அவவுக்கு நீங்கள் சொல்லப்போறியளோ? இல்லாட்டி நான் சொல்லுறன். கதவைத் திறவுங்கோ. அவ பழிவாங்க வந்தா வாங்கட்டும்.

— முகத்தில ரத்தத்தைத் துடை. துடைச்சிட்டுக் கேள். காலமை இலோனா அம்மா சொன்னவ, அந்த ஊர்ச்சனம் தாங்களே ஒரு கதை கட்டியிருக்கு. பார்னா ஒருத்தனை வெளியில இழுத்து விட்டிட்டு, மற்றவனை எடுக்கப் போய் விழுந்து செத்தானாம்.

— என்ன?

— அந்தப் படலை அவவின்ர வீட்டுக்கில்லையடா. தன்ர மகன் உயிரைக் குடுத்துக் காப்பாத்தின பொடியன் எந்த வீட்டில இருக்கிறானோ அந்த வாசலில நிக்கட்டும் எண்டு உனக்காகத்தான் அவ அதைச் செய்விச்சவ.