இருட்டறையில் கற்பூரம்

ஒரு தாயையும் பிள்ளைகளையும் இருட்டறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். ஆயுத பூஜை முடிந்த வாரம், ஆவடியில் ஏறிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு ஆராய்ச்சி மாணவியும் அவளுடைய ஆய்வகத்து உதவியாளரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“தாய்க்கு ராத்திரி பகல் கணக்கு சீக்கிரமா ஓடுதுண்ணே. புள்ளைங்களுக்கும் அதே கோளாறு வந்திருக்கான்னு பாக்கத்தான் இருட்டுல பூட்டி வெச்சேன். நீங்க கதவைத் தொறந்தீங்களா?”

அம்பத்தூரில் குதித்துப் போலீஸைக் கூப்பிடலாம் என்று பாதி எழுந்தே விட்டேன்.

“பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சேன்மா. அந்த ரூம்பு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு? தொறந்து கற்பூரம் காட்டிட்டு உடனே மூடிட்டேன்.”

“போச்சு. வெளிச்சம் பட்டா அதுங்க உடம்புக்குள்ள ஓடுற கடிகாரம் மாறிடும்ணே. இந்த வருசம் ஆராய்ச்சியை முடிக்கலன்னா வீட்ல படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணி வெச்சிடுவாங்க.”

“சின்ன கற்பூர வில்லைம்மா. குளத்துப் பாசிக்கு அவ்ளோ கண்ணு தெரியுமா?”

“புள்ளி மாதிரி கண்ணு இருக்குண்ணே.”

“சரி, உடு. அடுத்த பூஜைக்குள்ள முட்சிடலாம்.”

தாயும் பிள்ளைகளும் பாசிதான் என்று புரிந்ததும், எழுந்தவன் ஜன்னலைச் சரிசெய்வதுபோல் நடித்து உட்கார்ந்துகொண்டேன். புதிய பாசியை இருட்டில் வைத்து முதலிலிருந்து ஆரம்பிப்பதாகச் சொல்லிக்கொண்டே அவள் வில்லிவாக்கத்தில் இறங்கினாள்.