பூட்டிக் கிடந்த கண்ணாடிகள்

— அதெல்லாம் முடிஞ்ச கதை, பானு. கூடப் பொறந்தவன் சொல்லுதேன், காலேஜுப் பேச்சை இனி எடுக்காத. பஸ், போதும்.

— நீங்க முடிச்சா முடிஞ்சிருமா காக்கா? பரீட்சை பக்கத்துல வந்துருச்சு.

— ரெண்டு கண்ணையும் சேத்துக் கட்டிப் போட்டிருக்காரு டாக்டரு. இதுல பரீட்சையாம்! அசையாமப் படு புள்ள. தலையைத் திருப்பக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிருக்கா.

— வலது கண்ணுக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கே கட்டைப் பிரிச்சிரலாம்னு சொன்னாரே. எடது கண்ணைப் பத்திக் கேட்டாத்தான் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்காரு. உங்ககிட்ட சொன்னாரா?

— சொன்னாரு.

— என்னன்னு?

— உம்மா கோழிச் சாறு குடுத்து விட்டிருக்கா. சூடு ஆறதுக்குள்ள குடி.

— காக்கா.

— போச்சுன்னு சொன்னாரு, போதுமா? ஆசிட்டு உள்ள வரைக்கும் தின்னுருச்சாம். இனி வைத்தியம் இல்லியாம். அழாத புள்ள, கட்டு நனைஞ்சிரும்.

— அழல. தூக்கை அங்கன வைங்க, பொறவு குடிக்கேன். நேத்து சாயங்காலம் வாரேன்னீங்களே, ஏன் வரல? உம்மா மட்டும் தனியா வந்துட்டுப் போனா.

— காலேஜுக்குப் போயிருந்தேன்.

— மாட்டுங்காவுக்கா? பட்டறை வேலையைப் போட்டுட்டா?

— பிரின்சிபால் ஆள் அனுப்பியிருந்தாரு. அது கெடக்கட்டும். என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. உன் வாயால நான் இன்னும் கேக்கல.

— அவங்க குடுக்குற உப்பு என்ன உப்புன்னு நாங்க கண்டுபிடிக்கணும். உப்புல ஆசிட்டை ஊத்தி, டெஸ்ட் டியூபைச் சூடு காட்டணும். டியூபோட வாயை ஆள் இல்லாத பக்கமாத் திருப்பிப் புடிக்கணும், அதான் முறை. எதித்தாப்ல நின்னவ என் பக்கம் புடிச்சிட்டா. அவளைச் சொல்லியும் குத்தமில்ல. எங்கிட்டுத் திருப்புனாலும் ஆளுதான் நிக்கோம், அவ்வளவு நெருக்கம். குபுக்குன்னு பொங்கி அடிச்சிருச்சு.

— உங்க வாத்தியாரு எங்க போனாரு?

— அடுத்த ரூமையும் அவருதான் பாக்கணும். அங்க இருந்தாரு. நான் தட்டுத் தடுமாறிக் குழாயைத் திறந்தா, காத்துதான் வருது. பாம்பேல மத்தியானம் எந்தக் குழாய்ல காக்கா தண்ணி வருது? ஒரு வாளி புடிச்சு வைக்கக்கூட அங்க ஆளில்ல. விசாலந்தான் என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கீழ தொட்டிக்கு ஓடுனா. மாடிப்படி முழுக்க எரிஞ்சுக்கிட்டே இறங்குனேன்.

— யாரு, உன் சேக்காளி, அந்த ஐயர் வீட்டுப் பொண்ணா?

— அவதான். அவ மட்டும் இல்லன்னா வலது கண்ணும் போயிருக்கும். ஆனா இது ஒண்ணுமே நடந்திருக்க வேண்டியதில்ல காக்கா. இதுக்குன்னே கண்ணாடி இருக்கு. ஓரமெல்லாம் மூடி, கண்ணைச் சுத்திப் பதிஞ்சு நிக்கும். எல்லாருக்கும் போதும்ங்கிற அளவுக்கு வாங்கி, அலமாரியில பூட்டி வச்சிருக்காங்க. புள்ளைங்க உடைச்சிருமாம். பெரிய ஆளுங்க யாராச்சும் பாக்க வந்தா அன்னைக்கு மட்டும் வெளிய வரும். நீங்க பிரின்சிபால்கிட்ட அதைக் கேட்டீங்களா?

— இல்ல.

— பின்ன என்ன பேசுனீங்க?

— அவருதான் பேசுனாரு. போலீசு, கேசுன்னாரு. பேப்பர்ல உன் பேரு வரும்னாரு. செம்பூர்ல இருந்து உன்னைப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க, நெனைப்பிருக்கா? அவங்ககிட்ட கண்ணுல தூசி விழுந்துருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். பேப்பர்ல வந்துச்சுன்னா தாராவி பூராத் தெரிஞ்சிரும். மகாராஷ்டிரா பிரிஞ்ச வருசம் வாப்பா மவுத்தாப் போனதுல இருந்து எல்லாத்தையும் ஒத்தையிலதான் பாக்கேன். இந்த லஃப்டா, வம்பெல்லாம் நம்மளால தாங்க முடியாது.

— நீங்க என்ன சொன்னீங்க காக்கா?

— நீயே வெளாட்டுத்தனமா செஞ்சுட்டன்னு சொன்னேன். யாரு மேலயும் எங்களுக்குக் குத்தமில்ல, பொண்ணை நிப்பாட்டிக்கிடுதோம்னு சொன்னேன். பஸ், அவ்வளவுதான். அவரும் கை குடுத்து அனுப்பி வச்சாரு.

— நான் வெளாடலையே.

— எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுமா சொன்னீங்க?

— உனக்காகத்தான் சொன்னேன். ஒத்தைக் கண்ணோட உன்னை யாரு வந்து... வேற என்ன செய்யட்டும், நீயே சொல்லு.

— கண்ணு போனது போகட்டும். நான் ஒழுங்கா நின்னேன், ஒழுங்கா செஞ்சேன், அது ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம் இருந்துச்சு. அதையும் நீங்க எடுத்துக் குடுத்துட்டு வந்துட்டீங்க.

— மெதுவாப் பேசு. யாரோ வாராங்க.

— பானு...

— விசாலமா? ஏய், உனக்கு இன்னிக்கு பிராக்டிகல் ஆச்சே! குரல் ஏன் இப்படி இருக்கு?

— உக்காரும்மா. என்ன இது, சேலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு?

— நீங்க பானுவோட அண்ணாதானே? நேத்து சாயங்காலம் பிரின்சிபாலைப் பார்த்தேளா?

— பாத்தேன்.

— நேத்துக் காலம்பர நாங்க எல்லாரும் அவர் ரூமுக்குப் போனோம். கண்ணாடியைக் குடுங்கோ, இல்லேன்னா லாபுக்குள்ள காலை வைக்க மாட்டோம்னு சொன்னோம். சரி, நாளையிலேர்ந்து எல்லாரும் போட்டுக்கலாம்னார். இன்னிக்குப் போனா பழையபடி பூட்டு தொங்கறது. ஏன் சார்னு கேட்டேன். 'அவ விளையாடினான்னு அவ அண்ணாவே வந்து சொல்லிட்டுப் போயிட்டார். ஒழுங்கா வேலை பண்றவாளுக்கு ஒண்ணும் ஆகாது'ன்னுட்டார். அதைக் கேட்டதும் பாதிப் பேர் உள்ள போயிட்டா.

— என் தங்கச்சி பேரு வெளிய வரக் கூடாதுன்னுதாம்மா நான்...

— விசாலம், அவரை விடு. அவரு பயந்துட்டாரு. என்னைப் பாக்க வந்துட்டு ஏன் அவருகிட்ட சண்டை?

— நான் உன்னைப் பார்க்க வரலைடி.

— பின்ன?

— நம்ம கிளாஸ் நஜ்முன்னிசாவைத் தூக்கிண்டு வந்தோம். கீழ டாக்டர் பார்த்துண்டிருக்கார். அவளுக்கு ரெண்டு கண்ணுலயும் பட்டுடுத்து.