மேடை ஓரத்துப் பலகை

வெள்ளாடு வழுக்கி விழுந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விசாரணை அதிகாரி என்பதால் எதையும் சட்டென்று நம்ப மாட்டீர்கள், தெரியும். வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இதைச் சொன்னால் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் "ஆமால்ல" என்பார்கள். அந்த ஒரு "ஆமால்ல"வுக்காகத்தான் இத்தனை காலம் ஆட்டுப் புழுக்கையோடு மல்லுக்கட்டினேன்.

விலங்குகள் எப்படி நடக்கின்றன, எப்படி விழாமல் தப்பிக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பலகை உண்டு. பார்த்தால் சாதாரணத் தரை மாதிரி இருக்கும். அடியில் உள்ள ஊசியை உருவிவிட்டால், கால் வைத்ததும் ஒரு சாண் சறுக்கும். எங்கள் ஆடு மகாராணி அதன்மேல் கால் வைப்பாள், பலகை நழுவும், பாரத்தை மற்றக் கால்களுக்கு மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய்க்கொண்டே இருப்பாள். படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

இதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. பள்ளிக்கூடம், நூலகம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசினேன். கூப்பிடாத இடத்துக்கும் போனேன். "சாப்பிடற இடத்துல மட்டும் ஆட்டைப் பத்திப் பேசாதீங்க, யாருக்கும் உள்ள இறங்க மாட்டேங்குது" என்பாள் என் மனைவி.

அவளுடைய அண்ணன் பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறந்தவர்களோடு பழகியதாலோ என்னவோ, என் உரைக்கு வந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து தானும் வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவார். போன தடவை மகாராணியின் படம் ஓடும்போது அவர் விட்ட குறட்டைக்கு அரங்கமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அப்படி ஒன்றும் இல்லை.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார். "ஆடு விழாது, சரி மாப்ள. மனுஷன் அந்தப் பலகை மேல கால் வச்சா என்ன ஆவான்?"

"நல்ல கேள்வி மச்சான்" என்றேன்.

"செஞ்சு காட்டுங்க. அப்பவாவது முழிச்சிருக்கேனான்னு பாப்போம்."

கேலிதான். ஆனால் என் குடும்பத்தில் ஒருவர் என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. பதில் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இதில் எங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தரை வழுக்கும் என்று தெரிந்துவிட்டால் மனிதன் நடையையே மாற்றிவிடுவான். எட்டி வைக்கிற அடியைக் குறைப்பான், பாதத்தைத் தட்டையாக ஊன்றுவான். அப்புறம் அந்த அளவெல்லாம் குப்பைக்குத்தான். அதனால் அவரிடம் சொல்லவில்லை. இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும், எனவே கட்டவில்லை. கீழே மெத்தை போட்டால் எதற்கு என்று கேட்பார். அதையும் போடவில்லை. இதில் எது நியாயமில்லை, சொல்லுங்கள்.

அடுத்த உரையன்று பூங்கொத்து தருவதாக அவரை மேடைக்கு அழைத்தேன். "எனக்கு எதுக்கு மாப்ள இதெல்லாம்" என்று கூச்சப்பட்டுக்கொண்டே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. புதுச் சட்டை வேறு. பலகையை ஏன் மேடை ஓரத்தில் பதித்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேமராவுக்கு அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருந்தது. மேடை ஓர் ஆள் உயரம் என்பதும் தெரியும்.

வழுக்கியதும் அவருடைய கை என்னை நோக்கி நீண்டது. படத்தில் தெளிவாக இருக்கிறது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பிடித்திருந்தால் அளவு கெட்டிருக்கும். தவிர, என் கையில் பூங்கொத்து இருந்தது.

தலையில் பலத்த அடி. கண் விழிப்பார் என்று டாக்டர்கள் உறுதி சொல்லவில்லை. மனைவி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். "அண்ணே, கண்ணத் தொறந்து பாருண்ணே" என்று அவர் காதருகே சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். என்னோடு பேச்சு இல்லை. எனக்கும் வருத்தம்தான். படத்தை முதலில் அவருக்குத்தான் போட்டுக் காட்ட ஆசைப்பட்டேன். கேள்வி அவருடையது அல்லவா?

ஆம், ஊசியை உருவியது நான்தான். ஆட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இதில் சம்பந்தமே இல்லை, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் ஒன்றை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அரங்கமே எழுந்து நின்றது. கடைசி வரிசைக்காரர்கள் நாற்காலி மேல் ஏறிப் பார்த்தார்கள். நான் உரையாற்றத் தொடங்கிய காலத்திலிருந்து முதல் தடவையாக ஒருவர்கூடத் தூங்கவில்லை, மச்சானைத் தவிர.