ஐந்தாம் நாளே குப்பைக்குப் போன தட்டுகள்

என் மனைவியின் முழங்காலில் எடுத்த நீரை இரண்டு முறை ஐந்தாம் நாளே குப்பையில் போட்டுவிட்டு, கிருமி இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். நடந்த குற்றம் அது. நான் பூட்டுப் போட்டது அதற்குப் பிறகு.

பெயரும் விலாசமும் மேலே எழுதியபடி சரி. வயது எழுபத்திரண்டு. தையல் மிஷின் பழுது பார்க்கிறேன். எட்டு மாதம் முன்பு என் மனைவிக்கு வலது முழங்கால் மூட்டு மாற்றினார்கள். மூன்றாம் மாதம் மூட்டு வீங்கிச் சுட்டது. டாக்டர் நீர் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். கிருமி இல்லை என்று வந்தது. அதன்பின் இரண்டாம் முறையும் அப்படியே வந்தது. நடந்தால் சரியாகும் என்றார்கள். நானும் அவளை மாடிப்படி ஏறச் சொல்லி அதட்டினேன். ஒன்பதாவது படியில் நின்று, "நான் நடிக்கலைங்க" என்றாள். நான் நம்பவில்லை.

அதன்பின் நூலகத்தில் படித்தேன். மாற்று மூட்டில் அபூர்வமாக ஒட்டும் சில கிருமிகள் மெதுவாக வளரும், பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும் என்று இருந்தது. டாக்டரிடம் காட்டினேன். "பெரியவரே, எனக்கே பாடமா? ரெண்டு தடவையும் பதினாலு நாள்னு ஓரத்துல எழுதித்தானே அனுப்பினேன்" என்றார். மூன்றாம் முறையும் எழுதி அனுப்பினார். கிருமி எதுவென்று தெரியாமல் இழுத்தடித்தால் காலையே எடுக்க நேரிடலாம் என்றும் சொன்னார்.

நேற்று ஐந்தாம் நாள். சந்தேகம் தீர ஆய்வுக்கூடம் போனேன். அங்கிருந்த பெண் கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்துக் குப்பைக்கான சிவப்புப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவியின் மூட்டு நீர் இட்ட தட்டு அவர் கையில் இருந்தது. "ஓரத்துல எழுதுறதை யாருங்கய்யா பாக்குறா? கம்ப்யூட்டர்ல அதுக்குக் கட்டமே இல்ல. எல்லாத்துக்கும் அஞ்சு நாள்தான்" என்றார். நான் தட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, என் கருவிப் பையிலிருந்த பூட்டைப் போட்டேன். அந்தப் பெண்ணைத் தொடவோ திட்டவோ இல்லை.

இனி செய்ய வேண்டியது: காவல் ஆய்வாளர் இன்றே ஆய்வுக்கூடத்துக்குப் போய், தட்டை இன்னும் எட்டு நாள் வைப்பதாக மேலாளரிடம் எழுதி வாங்க வேண்டும். வாங்கினால் சாவி தருகிறேன். அந்தக் கட்டத்தை மேலாளர் கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டும். டாக்டர் இனியாவது அறிக்கை எத்தனையாம் நாள் வந்தது என்று தேதியைப் பார்க்க வேண்டும். கிருமி இல்லை என்று இதே மாதிரி வீட்டுக்கு அனுப்பப்பட்ட மற்றவர்களையும் அவர்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் இல்லை.

(கையொப்பம்)