சாட்சித் திட்டு

வெயிலில் வேலை செய்கிறவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் நான் ஒருநாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை, ஐயா.

என் பெயர் அமலநாதன். நெல்லித்தோப்பில் வீடு. பதினாறு வருஷமாக ஒரு பிரெஞ்சுக்காரத் துரையிடம் எழுத்து வேலை. பூமிக்குள் கல்லாகிப்போன சங்கு, நண்டு, மரம் எல்லாம் அவர் சேகரித்தார்; கிடைத்த இடம், ஆழம், மண்ணின் நிறம் எழுதி ஒட்டுவது நான். மண் அடுக்கடுக்காகப் படிகிறது, கீழே இருப்பது மூத்தது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். யார் எடுத்தது, எந்த அடுக்கில், அந்த அடுக்கு கலையாமல் இருந்ததா? இது தெரியாத கல்லை அவர் தொடமாட்டார். அதனால் எந்தக் குழியிலும் நடுவே மண் தூண் ஒன்றை வெட்டாமல் விடுவோம். சாட்சித் திட்டு என்று அதற்குப் பெயர்.

கீழடுக்கோடு அழிந்துபோனதாக எல்லோரும் நம்பிய சுருள் சங்கு மேலடுக்கிலும் உண்டு என்று துரை வாலிபத்தில் எழுதி, பாரிஸில் எல்லோரும் சிரித்தார்களாம். 1934 மாசியில் படுக்கையில் விழுந்தார். "ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், அமலநாதன்" என்று என் கையைப் பிடித்து அழுதார். சாகப்போகிற மனிதர். கீழடுக்கில் கிடைத்த சங்கு ஒன்றை எடுத்துப்போய், சேதராப்பட்டுக் குழியில் ஏணி வைத்து ஏறி, திட்டின் மேலடுக்கில் செருகி மண்ணை அப்பினேன்.

மேலடுக்கில் சங்கு தெரிகிறது என்று நான் போய்ச் சொன்னதும், பதினைந்து நாளாக எதுவும் சாப்பிடாத துரை கஞ்சி குடித்தார். மறுநாளே வண்டியில் மெத்தை போட்டு வந்து பார்ப்பேன் என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கண்ணுக்கு அந்த மண் தப்பாது. பார்த்த இடத்திலேயே உயிர் போய்விடும்.

விடிந்ததும் குழிக்கு ஓடினேன். குழி வெட்டும் காசிலிங்கம் உள்ளே நின்றிருந்தான். பிள்ளைச்சாவடிக்காரன், கடலுக்குப் போகாத நாளில் கிணறு வெட்டுவான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா அமலநாதய்யா, இது முந்தாநேத்து அப்புன மண்ணு. எலிகூட இவ்ளோ அழகா வளைய மூடாது."

"திட்ட இடிச்சுடு காசிலிங்கம். தானா உழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"சாட்சிய இடிக்கச் சொல்றீங்களே, தெனம் கோயிலுக்குப் போற ஆளு. பெரியவரு ஏமாறக் கூடாதுய்யா. வரட்டும், நானே பக்குவமா சொல்லிடுறேன்."

அவனும் நல்ல மனசோடுதான் சொன்னான். தண்ணீர் கொடுத்தேன். திட்டின் நிழலில் உட்கார்ந்து குடித்தான். அதன் அடி அரித்துப்போயிருந்தது. நான் மறுபக்கம் போய்க் கடப்பாரையால் ஒரே ஒரு நெம்பு நெம்பினேன்.

உச்சிப்பொழுதில் துரை வந்தார். காசிலிங்கத்துக்காக அழுதார். சங்கை நீட்டினேன். "சாட்சி போய்விட்டது. இது வெறும் கல்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாம் நாள் இறந்தார். கடைசிவரை என்மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மண் விழுந்த பிறகு காசிலிங்கத்தின் கை ஒன்று வெளியே தெரிந்தது. விரல்கள் அசைந்தன. மண்வெட்டி என் பக்கத்தில்தான் கிடந்தது. நான் மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அசைவு நிற்கிறவரை செபமாலை சொன்னேன். மாலையின் ஐம்பத்துமூன்று மணியும் வேண்டியிருந்தது. ஆதரவில்லாமல் சாக நான் அவனை விடவில்லை, ஐயா.