எட்டு வினாடி இருட்டு

வெளியே கிளம்பினால் நான் இரண்டு குடை எடுத்துப்போவேன். ஒன்று மழைக்கு. இன்னொன்று, முதல் குடை திறக்காமல் போனால். இங்கே வரும்போதும் கொண்டுவந்தேன். வாசலில் இருந்த காவலர் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் எலக்ட்ரீஷியன் மேல் திங்கட்கிழமை குற்றப்பத்திரிகை போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை விட்டுவிடுங்கள். என் மனைவி இறந்த அன்று விளக்கு எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியும். வரிசையாகச் சொல்கிறேன். வரிசை இல்லாமல் எனக்குப் பேச வராது.

நானும் அவளும் விழா நடத்திக்கொடுக்கும் தொழில் செய்தோம். மேடை, விருந்தினர், சிரித்த முகம் எல்லாம் அவள் பக்கம். திட்டம் என் பக்கம். கல்லூரியில் நான் படித்தது திட்ட மேலாண்மை. அதில் மனதில் நின்றது ஒரே ஒரு பாடம், ஆபத்துப் பட்டியல். என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று வரிவரியாக எழுத வேண்டும். நடக்கும் வாய்ப்புக்கு ஐந்துக்கு இத்தனை, நடந்தால் வரும் பாதிப்புக்கு ஐந்துக்கு இத்தனை. பெருக்கினால் வருவது அதிகம் என்றால் சிவப்பு, நடுத்தரம் என்றால் மஞ்சள், குறைவு என்றால் பச்சை. பக்கத்தில் மாற்று ஏற்பாடு. அதற்குப் பக்கத்தில், யார் பொறுப்பு.

எங்கள் கல்யாணத்துக்கும் ஒன்று போட்டேன். ‘மணமகன் வராமல் போவது’ என்றுகூட ஒரு வரி இருந்தது. வாய்ப்பு ஒன்று, பாதிப்பு ஐந்து, பொறுப்பு நான். ‘மாமனார் அழுவது’ மஞ்சள். மாற்று ஏற்பாடு, கைக்குட்டை இரண்டு. அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். கைக்குட்டை வீணாகவில்லை. “எங்க மாப்பிள்ளை குளிக்கப் போனாக்கூட மாத்துக்கு ஒரு பக்கெட் தண்ணி வெச்சிட்டுத்தான் போவார்” என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். உண்மையில் இரண்டு பக்கெட்.

தொழில் தொடங்கிய வருடம் ஒரு வரவேற்பில் நிஜமாகவே மின்சாரம் போனது. தானாக ஓடும் ஜெனரேட்டரை நான் முன்கூட்டியே வரவழைத்து வைத்திருந்தேன். எட்டாவது வினாடியில் விளக்கு வந்தது. அறுநூறு பேர் கைதட்டினார்கள். பெண்ணின் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டியது அதுவரை இல்லை. பள்ளியில் பரிசு வாங்கியவனுக்குப் பின்னால் தட்டு ஏந்தி நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பதின்மூன்று விழாக்கள். ஒன்றிலும் எதுவும் கெடவில்லை. ஒவ்வொன்றுக்கும் நூற்று நாற்பது வரி எழுதி, ஒரு வரிகூட நடக்காமல் வீடு திரும்பினேன். பதின்மூன்றாவது விழா முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் தோளில் தட்டிச் சொன்னார்: “எல்லாம் தன்னால நடந்துச்சு தம்பி. நீங்க என்ன செஞ்சீங்கன்னே தெரியலை.”

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பதினான்காவது விழாவில் மெயின் ஸ்விட்சை நானே இறக்கினேன்.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல. மேடையில் குழந்தைகள் இருக்கும்போது தொடமாட்டேன். சாப்பாட்டு வரிசை நகரும்போது தொடமாட்டேன். ஒரு பேச்சு முடிந்து அடுத்தவர் எழுந்திருப்பதற்குள் செய்வேன். அப்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். எட்டு வரை எண்ணுவேன். விளக்கு வந்ததும் ஸ்விட்சைப் பழையபடி ஏற்றிவிட்டு அரங்கத்துக்குள் போய், “பயப்பட ஒண்ணுமில்லை, எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கு” என்று ஒரே ஒரு வாக்கியம். கைதட்டல். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு லேசாகத் தலையசைப்பேன். இந்தத் தலையசைப்பைக் கண்ணாடி முன் பழகினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போது சொல்வதில் மற்றவை எல்லாம் வெட்கப்படாமல் வருகின்றன. இது மட்டும் ஏனோ.

இப்படி நான்கு முறை. இதற்கும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்தேன். யாராவது கண்டுபிடித்தால், யாருக்காவது அடிபட்டால், விசாரணை வந்தால், எல்லாவற்றுக்கும் வரி இருந்தது. விசாரணை என்ற வரியில் பொறுப்பு என்ற கட்டத்தில் ‘எலக்ட்ரீஷியன்’ என்று எழுதியிருந்தேன். பதினான்காவது விழாவுக்கு முந்தைய வாரமே எழுதியது. அதன்பின் யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை.

மனைவி கண்டுபிடித்துவிட்டாள். பட்டியலைப் பார்த்து அல்ல. காலையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, நம்ம கரண்ட்டுக்கு மட்டும் எப்படி இவ்வளவு மரியாதை? ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துல்ல போகுது.”

நான் பேப்பரைத் திருப்பினேன். தலைகீழாக.

அவள் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். “யாராவது விழுந்தா என்ன பண்ணுவீங்க? இன்னொரு தடவை போச்சுன்னா மைக்கை வாங்கி நானே சொல்லிடுவேன். விளையாட்டுன்னு நினைக்காதீங்க.” இனி இல்லை என்று சத்தியம் செய்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கைபேசியில் புதிய வரி சேர்த்தேன். முப்பத்தொன்றாவது வரி: மனைவி சொல்லிவிடுவாள். பாதிப்பு ஐந்து. வாய்ப்பு இரண்டு, என் மேல் பிரியம் உண்டு என்பதால். பெருக்கினால் பத்து, மஞ்சள். மாற்று ஏற்பாடு: அன்பாக இருத்தல். இரண்டு மாதம் அன்பாக இருந்தேன். பாத்திரம்கூடக் கழுவினேன். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தப் பெயிண்ட் கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு விழா வந்தது. காலை விழா. ஜன்னலே இல்லாத அரங்கம். முன்வரிசையில் பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள். இப்படி ஒரு கூட்டம் எனக்கு வாய்த்ததில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பதினொன்றரைக்கு மேடை ஓரத்தில் என் காதருகே வந்து, “நான் ஸ்விட்ச் ரூம் வாசல்லயே போய் நிக்கப்போறேன். உங்களை நம்பறதுக்கு இல்லை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள். அதற்குள் யாரோ விருந்தினர் அவளைக் கூப்பிட்டார்.

அந்த ஸ்விட்ச் அறைக்கு இரண்டு கதவு. ஒன்று அரங்கத்துப் பக்கம். இன்னொன்றுக்கு மேடைக்குப் பின்னாலிருந்து ஒன்பது இரும்புப் படி இறங்கி வர வேண்டும். செங்குத்தான படி, கைப்பிடி கிடையாது. அதுவும் என் பட்டியலில் இருந்தது. நான் அரங்கத்துப் பக்கமாகப் போனேன். பதினொன்று முப்பத்தெட்டுக்குத் தலைவர் பேச்சை முடித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் என் வீட்டுக்கு வந்தார். தெருவில் மின்சாரம் இருந்தது, அரங்கத்தில் மட்டும் போனது, ஆகவே வயரிங்கில்தான் குறை என்று நீங்கள் சொன்னதை அவரும் நம்பிவிட்டார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார். “எந்த வயரை விட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன் தம்பி. ஞாபகமே வரலை. ஆனா என் கைதான். மன்னிக்கச் சொல்லலை. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.” மழை மூட்டத்தில் அறை மங்கலாக இருந்தது. வாசலை ஒட்டியிருந்த ஸ்விட்சைப் போடச் சொன்னேன். சுவர்ப் பக்கம் கையைக் கொண்டுபோனவர் பாதியில் இறக்கிக்கொண்டார். முப்பது வருடம் ஸ்விட்ச் பொருத்திய கை. அவர் வீட்டிலும் இப்போது மனைவிதான் விளக்கைப் போடுகிறாராம்.

இதற்கு என்னிடம் வரி இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சில் கை வைத்திருந்தபோது படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் நடை எனக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று. “உள்ளதான் இருக்கீங்களா? இருங்க, வந்துடறேன்” என்றாள். அவள் வந்துவிட்டால் செய்ய முடியாது. அடுத்தவரை மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாவது படியில் அவள் இருக்கிறாள் என்று தெரிந்துதான் இறக்கினேன். இரண்டாவது வினாடியில் சத்தம் கேட்டது. குரல் இல்லை, சத்தம் மட்டும். நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. விளக்கு வந்ததும் ஸ்விட்சை ஏற்றிவிட்டு அரங்கத்துக் கதவைத் திறந்துகொண்டு போய் என் வாக்கியத்தைச் சொன்னேன். நல்ல கைதட்டல். நான்கு நிமிடம் கழித்து மேடைப் பையன்கள் அவளைப் பார்த்தார்கள். அந்த நான்கு நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னார். இருக்கலாம்.

எலக்ட்ரீஷியன் பெயரை இன்றே எடுத்துவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். என்னிடம் இரண்டு பேனா இருக்கிறது.

ஒரே ஒரு திருத்தம். உங்கள் விசாரணை அறிக்கையில் ஜெனரேட்டர் ஓட ஒன்பது வினாடி ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டுதான்.